தலை தப்பியது வார் புண்ணியம்!

மைத்துனர்கள் இரண்டு பேர் ஒன்றுகூடினால் என்ன செய்வார்கள்? சொத்து விவகாரம் பேசுவார்கள். இல்லாவிட்டால் சீட்டுக் கச்சேரியில் உட்காருவார்கள். அமெரிக்காவில் இரண்டு மைத்துனர்கள் கூடி உட்கார்ந்து ஒரு கழுத்துப் பட்டையைச் செய்தார்கள். அந்தப் பட்டை இன்றைக்கு உலகமெங்கும் மோட்டார்ப் பந்தயக்காரர்களின் தலையைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது.

ஒருவர் ராபர்ட் ஹப்பர்ட். மிச்சிகன் ஸ்டேட் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தவர். மனிதனுடைய எலும்பு எவ்வளவு இழுப்பைத் தாங்கும், எப்போது முறியும் என்று ஆராய்வது அவருடைய தொழிலாக இருந்தது. அதற்கு முன்னால் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில், விபத்துச் சோதனைக்காகக் காரில் உட்கார்த்திவைத்து மோதவிடுகிறார்களே, அந்தப் பொம்மைகளின் தலையை மனிதத் தலை மாதிரியே அமைக்கும் வேலையில் இருந்தார். மற்றவர் ஜிம் டௌனிங். அட்லாண்டா நகரவாசி. பந்தயக் கார் ஓட்டுபவர்; 1985 முதல் 1987 வரை தொடர்ந்து மூன்று வருஷம் தம் பிரிவில் பட்டம் வென்றவர்.

1981-ல் மிட்-ஒஹாயோ என்ற பந்தயத் தடத்தில் பாட்ரிக் ஜாக்மார் என்ற பிரெஞ்சுக்காரர் காரைச் சோதித்து ஓட்டிக்கொண்டிருந்தபோது மோதி இறந்துபோனார். டௌனிங்குக்கு அவரைத் தெரியும். மண்டை ஓட்டின் அடிப்பாகம் முறிந்திருந்தது. மார்பிலே பெல்ட் கட்டியிருந்தார்; தலையில் ஹெல்மெட் அணிந்திருந்தார்; இரண்டும் இருந்தும் ஆள் போய்விட்டார். "இது எப்படி?" என்று மைத்துனரிடம் டௌனிங் கேட்டார். ஹப்பர்டுக்குப் பதில் தெரிந்திருந்தது. பதில் தெரிந்த பிற்பாடு சும்மா இருக்க அவரால் முடியவில்லை.

அந்தப் பதிலைப் புரிந்துகொள்ள நாம் பந்தயத்துக்குப் போக வேண்டியதில்லை. டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது டிரைவர் திடீரென்று பிரேக் போட்டால் போதும். பஸ் நின்றுவிடுகிறது, நாம் நிற்பதில்லை. முன்னால் நிற்கிற மாமியின் மேல் போய் விழுகிறோம். பந்தயக் காரில் உட்கார்ந்திருப்பவருடைய உடம்பு இப்படிப் பாயாதபடி பெல்ட்டுகள் ஆசனத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் தலையை யார் பிடிப்பது? உடம்பு நின்ற இடத்திலேயே நிற்க, தலை மட்டும் தன் பாட்டுக்கு முன்னே போகிறது. அதை இழுத்துப் பிடிக்க இருப்பது கழுத்து ஒன்றுதான்.

மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. ஹெல்மெட் இன்னொரு ஒன்றரைக் கிலோ. மோதலின் கடுமையைப் புவியீர்ப்பு சக்தியின் மடங்காகக் கணக்கிடுவது வழக்கம். 50 மடங்கு என்று வைத்துக்கொண்டால், அந்த ஆறரைக் கிலோ அந்தக் கணத்தில் 325 கிலோவாகக் கனக்கும். நாலு மூட்டை அரிசியை ஒரு மனிதனின் மண்டையிலே கட்டி வெடுக்கென்று இழுத்தால் எப்படி இருக்கும்? கழுத்து எலும்பு தாங்கினாலும், அது மண்டை ஓட்டோடு சேருகிற இடம் தாங்குவதில்லை. அங்கே வளையம் வளையமாக விரிசல் கண்டு, மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்களும் அறுந்துபோகின்றன. பல சமயம் உடம்பில் வேறு பெரிய காயமே இராது.

ஹப்பர்டின் யோசனை எளிமையானது. உடம்பைப் பெல்ட் பிடித்திருக்கிறது. தலையையும் அந்த உடம்போடு சேர்த்துக் கட்டிவிட்டால் என்ன? கழுத்தைச் சுற்றி பின்பக்கம் உயர்ந்து நிற்கிற ஒரு கெட்டியான பட்டை. அதன் இரண்டு கால்கள் தோள்களின் மேலே படிந்து மார்புப் பக்கம் இறங்கும். பின்புறத்துப் பட்டையிலிருந்து இரண்டு நாடாக்கள் புறப்பட்டு ஹெல்மெட்டின் இரு பக்கத்திலும் மாட்டிக்கொள்ளும். தலை முன்னால் பாயும்போது நாடா இழுத்துப் பிடிக்கும். சாதாரணமாக ஓட்டுகையில் நாடா தளர்ந்திருப்பதால் ஓட்டுநர் தலையைத் திருப்பிப் பார்க்கலாம். 'தலைக்கும் கழுத்துக்கும் தாங்கல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துக்களைக் கூட்டி 'ஹான்ஸ்' என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். (பெயரைக் கேட்டவுடன் பெட்டிக் கடைப் புகையிலைப் பொட்டலத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம்!) இப்போது கார்பன் நாரினால் மிகவும் இலேசாகச் செய்கிறார்கள்.

இதிலே ஒரு சூட்சுமம் இருக்கிறது. அந்தப் பட்டையை உடம்போடு யார் பிடித்துவைக்கிறார்கள்? அதற்கென்று தனிப் பூட்டு ஒன்றும் இல்லை. பட்டையின் கால்களுக்கு மேலே தோள் வார்கள் அழுந்தி ஓடுகின்றன. அந்த வார்களின் அழுத்தத்தில்தான் பட்டை நிற்கிறது. வார் வழுக்கினால் பட்டை நழுவும். பட்டை நழுவினால் நாடா பிடித்து என்ன, பிடிக்காவிட்டால் என்ன? ஆயிரம் ஆயிரமாகப் பணம் கொடுத்து ஹான்ஸ் வாங்கிவிட்டு, வாரைப் பழைய இடத்திலேயே பழையபடி மாட்டிக்கொள்கிறவர், கதவில் பெரிய பூட்டைப் போட்டுவிட்டு நாதாங்கியைக் கவனிக்காமல் விட்டவருக்குச் சமானம்.

கேட்பாரற்றுக் கிடந்த பட்டை

1980-களின் நடுவில் முதல் மாதிரி தயாராயிற்று. 1987-ல் பேட்டண்ட் உரிமையும் கிடைத்தது. 1989-ல் வேன் ஸ்டேட் சர்வகலாசாலையில் பொம்மைகளைச் சறுக்கு வண்டியில் வைத்து மோதவிட்டுச் சோதித்தார்கள். கழுத்தின் மீது விழும் இழுப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது கண்கூடாகத் தெரிந்தது. பெரிய கம்பெனிகள் எதுவும் தயாரிக்க முன்வராததால், மைத்துனர்கள் தாங்களே ஒரு சிறு கம்பெனி வைத்தார்கள். விற்பனை? ஆமை வேகந்தான்.

பந்தயக்காரர்களுடைய மனசு ஒரு தனி தினுசு. பட்டை கழுத்தை உறுத்துகிறது, நெருப்புப் பிடித்தால் காரை விட்டு வெளியே குதிக்கத் தடையாக இருக்கும் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு காரணம் சொன்னார்கள். டௌனிங் தாமே அதை அணிந்துகொண்டு ஓட்டினார். ஏதோ விநோதமாகப் பார்த்தார்கள்.

1994 ஏப்ரல் 30-ஆம் தேதி இத்தாலியில் இமோலா தடத்தில் ரோலண்ட் ராட்சன்பெர்கர் என்ற ஆஸ்திரிய இளைஞர் இதே விதமான மண்டை முறிவினால் மாண்டார். மறுநாள் அதே தடத்தில் பிரேசிலின் அயர்ட்டன் சென்னாவும் வேறு விதத் தலைக் காயத்தால் போனார். ஃபார்முலா ஒன் உலகம் அதிர்ந்துவிட்டது. சுக்கானில் காற்றுப் பை வைக்கலாமா என்று மெர்ஸிடிஸ் கம்பெனியார் ஆராய்ந்தார்கள். ஆராய்ச்சியின் முடிவில் காற்றுப் பையைவிட ஹப்பர்டின் பட்டையே மேல் என்று கண்டு, அதைக் குறுகிய காருக்குள் அடங்கும்படி சிறிதாக்குவதில் இறங்கினார்கள். 2003-லிருந்து ஃபார்முலா ஒன்னில் ஹான்ஸ் கட்டாயம். கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன் 2005-ல் அந்தப் பந்தயத்தில் நுழைந்த முதல் இந்தியர் ஆனபோது, இந்தப் பட்டையை மாட்டிக்கொள்ளாமல் காரில் ஏற முடியாது என்ற நிலை வந்துவிட்டது. அந்த வருஷம் சீனாவில் ஷாங்காய்ப் பந்தயத்தில் அவர் சுவரில் பலமாக மோதிக் காயமின்றித் தப்பினார். 2007-ல் கனடாவில் போலந்துக்காரர் ராபர்ட் குபிட்சாவின் கார் மோதியபோது, உச்சகட்டத்தில் புவியீர்ப்பைப் போல் 75 மடங்கு என்று கருவி காட்டியது. கார் சிதறி உருண்டது. அவருக்குக் கணுக்காலில் சுளுக்கு, தலையில் இலேசான அதிர்ச்சி. ஒரே ஒரு பந்தயத்துக்கு ஓய்வெடுத்துவிட்டு அடுத்ததற்கு வந்துவிட்டார்!

இடுப்பு வார் சொன்ன கதை

அமெரிக்காவில் டேல் எர்ன்ஹார்ட் என்றால் நம் ஊரில் சினிமா கதாநாயகருக்கு உள்ள செல்வாக்கு. நாஸ்கார் பந்தயத்தில் ஏழு தடவை சாம்பியன். அவருக்கு ஹான்ஸ் பட்டை என்றாலே பிடிக்காது. 2001 பிப்ரவரி 18-ஆம் தேதி டேட்டோனா நகரில் 500 மைல் பந்தயம். கடைசிச் சுற்று, கடைசித் திருப்பம். முன்னால் போகிற இரண்டு கார்களும் அவருடைய சொந்தக் கம்பெனிக் கார்கள். அதில் ஒன்றை ஓட்டுவது அவருடைய மகன். அந்தச் சமயத்தில் எர்ன்ஹார்டின் கார் தடுமாறி, மேலே ஏறி, இன்னொரு காரோடு உராய்ந்துகொண்டே காங்க்ரீட் சுவரில் மோதியது. பார்க்கிறவர்களுக்கு அது ஒரு பெரிய மோதலாகவே தெரியவில்லை. உருளவில்லை, தீப்பற்றவில்லை. அவருக்கு வயது 49. மண்டையின் அடிப்பாகம் வளையமாக முறிந்து இறந்துபோனார்.

அதற்கு முந்தின பத்து மாதங்களுக்குள் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் என்று மூன்று பேர் நாஸ்கார் தடங்களில் மாண்டிருந்தார்கள். எர்ன்ஹார்டும் போன பிறகுதான் நாடே விழித்துக்கொண்டது. மைத்துனர்களின் கம்பெனிக்கு ஆர்டர்கள் குவிந்தன. அவ்வருஷம் அக்டோபர் 17-ஆம் தேதி நாஸ்கார் நிர்வாகம், தலையையும் கழுத்தையும் தாங்கும் சாதனம் இல்லாமல் யாரும் ஓட்டக் கூடாது என்று உத்தரவு போட்டது.

ஆனால் இந்தக் கதையில் நான் சொல்லவந்தது வேறு விஷயம். மோதலுக்குப் பிறகு பார்த்தபோது எர்ன்ஹார்டின் இடது பக்கத்து இடுப்பு வார் அறுந்து கிடந்தது. இதுதான் சாவுக்குக் காரணமா, இல்லையா என்று மாதக் கணக்கில் பெரிய சர்ச்சை. ஆகஸ்டு மாதம் வெளியான விசாரணை அறிக்கை ஒரே காரணத்தைச் சொல்லவில்லை. இன்னொரு காரின் உராய்வு, சுவரில் மோதின வேகமும் கோணமும், வார் அறுந்தது எல்லாம் சேர்ந்துகொண்டன என்றது. மோதல் நடந்து முடிந்த நேரம் ஒரு விநாடியில் நூற்றில் எட்டுப் பங்கு. கண் இமைக்கிற நேரங்கூட இல்லை.

அத்தனை கெட்டியான வார் எப்படி அறுந்தது? வாரின் நீளத்தைக் கூட்டிக் குறைக்க ஓர் இரும்பு வளையம் உண்டு. அந்த வளையத்தின் குறுக்குக் கம்பியில் வார் தன் முழு அகலத்துக்கும் விரிந்து படிந்திருக்க வேண்டும். அப்படி இல்லாமல் அது ஒரு மூலைக்கு ஒதுங்கிக் குவிந்துவிட்டது. மூன்று அங்குல அகலத்தில் பரவவேண்டிய பாரம் ஒரு ஓரத்து நூல்களின் மேலேயே விழுந்தது. அங்கே கிழிய ஆரம்பித்துக் குறுக்கே ஓடிவிட்டது. ஜன்னல் திரையைச் சரேலென்று இழுத்தால் துணி முழுவதும் கம்பியின் ஒரு கோடியில் போய்க் குவிகிறதல்லவா, அதே சங்கதிதான்.

இதற்கு நிவாரணம் என்ன? வார் இழுக்கிற திசையும், அதைக் காரோடு பிணைக்கிற கொக்கியின் திசையும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். கொக்கி ஒரு பக்கம் பார்க்க, வார் இன்னொரு பக்கம் இழுத்தால் ஓரத்தில்தான் பாரம் விழும். வளையத்துக்குள் வாரைக் கோக்கும்போது அதன் நுனி இன்னொரு தடவை திரும்பி உள்ளே போய் வரவேண்டும். வெளியே நான்கு அங்குலமாவது மீதி தொங்க வேண்டும். திருப்பிக் கோக்காவிட்டால் பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும். மோதும்போது சர்ரென்று உருவிக்கொண்டு வந்துவிடும்.

அளவு எடுத்துத்தான் மாட்டவேண்டும்

பந்தயக் காரில் வார்கள் பெரும்பாலும் ஆறு. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, தொடைகளுக்கு நடுவே இரண்டு. ஆறும் வயிற்றுக்குக் கீழே ஒரே பூட்டில் வந்து சேரும். ரவிக்கை தைக்கிற தையற்காரர் ஆளை நேரில் பார்க்காமல் அளவு வைப்பாரா? அதே போல, ஓட்டுநர் பந்தய உடுப்பு, ஹெல்மெட், ஹான்ஸ் எல்லாம் அணிந்து அந்த ஆசனத்தில் உட்கார்ந்த பிறகுதான் வாரைப் பிணைக்கும் இடங்களை முடிவுசெய்ய வேண்டும். வெறும் ஆசனத்தை அளந்து மாட்டினது பிசகாமல் இருந்தால் அது அதிர்ஷ்டம்.

முக்கியமானது தோள் வார். அது தோளைத் தாண்டிப் பின்னால் போகும்போது ஏறக்குறையக் கிடைமட்டமாகப் போகவேண்டும். கீழே சரிந்தாலும் 20 டிகிரிக்கு மேல் போகாமல் இருப்பது நல்லது. நேராகத் தரையில் கொண்டுபோய் மாட்டிவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் பார்க்கலாம். வார் 45 டிகிரி சரிந்தால், பின்பக்கத்து வாரில் விழுகிற ஒவ்வொரு 100 கிலோ இழுப்பிலும் 70 கிலோ தோளைக் கீழ்நோக்கி அமுக்குகிறது. அந்த அமுக்கு முதுகெலும்புக்குத்தான் போய்ச் சேரும். 10 டிகிரி என்றால் 17 கிலோதான். இன்னொரு பக்கம், பிணைப்புத் தோளைவிட உயரத்தில் இருந்தால், வார் மேல்நோக்கி எழும்பிப் பட்டையின் மேல் அழுந்தாமல் போய்விடும். பட்டையைப் பிடிப்பதே வார்தான் என்று முன்பே பார்த்தோமே!

அடுத்தது இடைவெளி. ஹான்ஸ் இல்லாத காலத்தில் இரண்டு தோள் வார்களையும் தோளின் அகலத்துக்குத் தள்ளித் தள்ளிப் பிணைப்பதுண்டு. நம் தோள் கழுத்திலிருந்து வெளிப்பக்கம் சரிந்து இறங்குகிறது. வாரும் அந்தப் பக்கமாக இழுத்தால் பட்டையிலிருந்து வழுக்கிப் புஜத்துக்கு இறங்கிவிடும். மேலாக்கு வழுக்குவது போலத்தான். ஆகவே பின்னால் இரண்டு வார்களையும் நெருக்கமாக, உள்ஓரத்துக்கு உள்ஓரம் சுமார் மூன்று அங்குல இடைவெளியில், கழுத்தை நோக்கி ஒடுங்கிவரும்படி பிணைக்கிறார்கள். பிணைப்பு வெகு பின்னால் இருந்தால் இரண்டையும் குறுக்காக, வலது தோள் வாரை இடது பக்கத்திலும் இடது தோள் வாரை வலது பக்கத்திலுமாக மாட்டுவதும் உண்டு. நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். 20 டிகிரிக்கு மேல் விலகக் கூடாது.

வாரின் அகலமும் மாறிவிட்டது. முன்பெல்லாம் தோள் வார் மூன்று அங்குலம். ஹான்ஸின் கால்கள் அவ்வளவு அகலமில்லை. மூன்று அங்குல வார் ஓரத்தில் மடிந்து தொங்கும். இப்போது ஹான்ஸுக்கென்றே இரண்டு அங்குல வார் வருகிறது. மெல்லிய தோளுள்ளவர்களுக்கும் பெண் ஓட்டுநர்களுக்கும் இது சௌகரியம். ஆனால் ஒரு நிபந்தனை: இந்த ஒல்லி வாரைத் தலை-கழுத்துச் சாதனம் இல்லாமல் தனியாக உபயோகிக்கக் கூடாது. பட்டையையும் கழுத்தின் சுற்றளவு பார்த்துச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று வாங்க வேண்டும். நிமிர்ந்து உட்காருகிற காருக்கு ஒரு சாய்மானம். படுத்தாற்போல் உட்காருகிற ஃபார்முலா காருக்கு வேறு சாய்மானம். அண்ணன் பட்டையைத் தம்பி மாட்டிக்கொள்கிற சமாசாரம் இதிலே நடக்காது.

இன்னும் ஒன்று: தோள் வாரை இறுக்குகிற வளையம் பட்டையின் காலின் மேல் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது; அதற்குக் கீழேதான் இருக்க வேண்டும். வளையம் காலில் முட்டிக்கொண்டால் வார் முழுதும் இறுகாது. இறுகிவிட்டதாக ஓட்டுநர் நினைத்துக்கொண்டிருப்பார்.

இடுப்பு வாருக்கு வருவோம். இடுப்பு என்று பெயரே தவிர, அது படியவேண்டியது வயிற்றின் மேல் அல்ல. இடுப்பெலும்புக்கும் தொடைக்கும் நடுவே மடிகிற இடத்தில், கீழே, இறுக்கமாக. வயிற்றில் எலும்பு கிடையாது. வார் அங்கே ஏறிவிட்டால் மோதும்போது குடலும் ஈரலுந்தான் தடுப்பு. தொடை வார்கள் இரண்டு வேலை செய்கின்றன. உடம்பு வாருக்கு அடியில் முன்னோக்கி வழுக்கிப்போகாமல் பிடிப்பது ஒன்று. தோள் வாரை இறுக்க இறுக்க நடுப் பூட்டு வயிற்றுக்கு ஏறாமல் கீழேயே நிறுத்துவது மற்றொன்று.

ஆகவேதான் மாட்டுவதிலும் ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள். முதலில் இடுப்பு வார், எவ்வளவு முடியுமோ அவ்வளவு இறுக்கமாக. பிறகு தொடை வார். கடைசியில் தோள் வார். வரிசையை மாற்றித் தோளை முதலில் இறுக்கினால் பூட்டு தொப்புளுக்கு மேலே வந்து நிற்கும். உதவியாள் ஒருவர் வெளியே நின்று, வார் பட்டையின் மேலேதான் ஓடுகிறதா, எங்கேயாவது முறுக்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார். ஹெல்மெட்டும் பட்டையும் போட்ட பிறகு ஓட்டுநரால் தம் தோளையே பார்க்க முடியாதே! கூந்தலில் வைத்த பூவைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத மாதிரி, இதற்கு இன்னொருவர் கண் வேண்டியிருக்கிறது.

வார் எதிலே மாட்டியிருக்கிறது என்பதும் இருக்கிறது. ஆசனத்தில் மாட்டுவது சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் விதிப்படி கூடாது. காரின் உடலோடுதான் பிணைக்க வேண்டும். தோள் வாரையும் இடுப்பு வாரையும் பிணைக்கிற ஒவ்வொரு இடமும் ஏறக்குறைய ஒன்றரை டன் பாரத்தைத் தாங்க வேண்டும். தொடை வாருக்கு அதில் பாதி. புதிதாகத் துளை போட்டுப் பிணைப்பதானால், அந்தத் தகட்டுக்குப் பின்னால் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் 3 மில்லிமீட்டர் கனமும் உள்ள எஃகுத் தகடு வைத்தாகவேண்டும்.

வீட்டுக் காருக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஹான்ஸ் பட்டை நம் காருக்கு வேண்டியதில்லை. வீட்டுக் காரின் மூன்று முனைப் பெல்ட்டோடு அது சேரவும் சேராது. ஆனால் வீட்டில் ஒரு பிள்ளை, காருக்கு 'ரேஸிங் பெல்ட்' போடப்போகிறேன் என்று சிவப்பு வண்ணத்தில் நாலு வாரை வாங்கிவந்து, தோள் வாரைப் பின் ஆசனத்தின் அடியில், தரையில் மாட்டிக்கொண்டு நின்றால் ஒன்று சொல்லலாம். சரிவு அதிகம், முதுகெலும்பு அமுங்கும். தொடை வார் இல்லாததால் இடுப்பு வார் வயிற்றுக்கு ஏறும். கம்பெனிக்காரன் வைத்துக்கொடுத்த பெல்ட் அதைவிட எவ்வளவோ மேல். கர்ப்பிணிப் பெண்களுக்கும் பந்தயக்காரருக்குச் சொன்ன அதே விதிதான்: கீழ் வார் வயிற்றின் மேல் அல்ல, வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்பின் மேல், மேல் வார் மார்புகளுக்கு நடுவே. குழந்தைக்கு அழுத்துமே என்று பெல்ட்டே போடாமல் உட்காருவதுதான் அபாயம்.

வாருக்கும் ஆயுள் உண்டு. பட்டுப் புடவையைப் பெட்டியில் வைத்துப் பேத்திக்குக் கொடுக்கலாம். பந்தய வாரை அப்படிச் செய்ய முடியாது. வெயில் நூலின் பலத்தைத் தின்றுவிடும். எண்ணெயும் உராய்வும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அமெரிக்காவின் ஒரு தர விதிப்படி தயாரித்து இரண்டு வருஷம், சர்வதேச சம்மேளனத்தின் விதிப்படி ஐந்து வருஷம், அதற்கு மேல் அந்த வார் பந்தயத்துக்கு உதவாது. ஹெல்மெட்டைப் பிடிக்கும் நாடாவுக்கும் இப்படிக் கெடு இருக்கிறது. பலத்த மோதல் ஒன்று நடந்துவிட்டால் வருஷக் கணக்கே இல்லை. வார் அன்றைக்கு நீண்டுகொடுத்துத்தான் ஆளைக் காப்பாற்றியிருக்கும். ஒரு தடவை நீண்டது மறு தடவை அப்படி நீளாது. வெளியே பார்த்தால் பளபளவென்று புதிது போலவே இருக்கும். அதனால் அப்படிப்பட்ட வாரைக் கழற்றியதும் கத்தரிக்கோலால் இரண்டாக வெட்டிவிட்டுத்தான் குப்பையில் போடுகிறார்கள். யாராவது பொறுக்கி எடுத்துப்போய் இன்னொரு காரில் மாட்டிவிடக் கூடாதே!